சபை மண்டபங்களை இரவில் திறந்துவிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மும்பையில் மழை பிடித்துவிட்டது. தாராவித் தமிழ்க் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்த நாங்கள் சிலர், ஞாயிறு இரவுகளில் மாஹிம் ஸ்டேஷன் பக்கம் நடைபாதையில் படுத்திருப்பவர்களுக்குச் சோறு கொண்டுபோகிறோம். கொடுத்துவிட்டு உடனே கிளம்புவதில்லை, உட்கார்ந்து பேசுவோம். சேலத்துப் பாட்டி ஒருவர் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் எங்களுக்காக ஜெபித்தார்: "ஆண்டவரே, இந்தப் பிள்ளைங்க நனையாம வீடு போய்ச் சேரணும்." அவர் விரித்திருந்த அட்டை அப்போதே ஊறிப்போயிருந்தது. எங்கள் விசுவாசத்தைத் தாங்குவதே இப்படிப்பட்டவர்கள்தான்.

யாரிடமும் மதம் கேட்பதில்லை. கேட்டால் அது ஊழியமே இல்லை. ஆனால் சோறு மட்டும் போதாது. பெருநகரங்களில் மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வீடற்றோர் தங்குமிடம், ஆண்டு முழுதும், 24 மணி நேரமும் வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011 கணக்கெடுப்பில் மும்பை மக்கள்தொகை சுமார் 1.24 கோடி. அப்படியானால் 120க்கு மேல் வேண்டும். அதற்குப் பக்கத்தில்கூட நாம் வரவில்லை.

அவை வரும்வரை, பசித்தவருக்குச் சோறும் அந்நியருக்கு இடமும் கொடுத்தால் அது எனக்கே செய்தது என்று இயேசு சொல்லும் மத்தேயு 25ஆம் அதிகாரத்தை வாசிக்கும் சபைகள் தங்கள் மண்டபங்களை மழைக்காலம் முடியும்வரை இரவில் திறந்துவிடலாமே. கழிப்பறை, மின்விசிறி எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன.

– ஒரு வாசகர், தாராவி, மும்பை