பலாமரத்து வளைவு எது? நீலகிரி மலை ரயில் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேமராவைத் தூக்கிக்கொண்டு குன்னூரில் வந்து இறங்குகிறீர்கள். நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறீர்கள். எனக்கு அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். எங்களுக்கு அது ஊர் வண்டி. எஞ்சினில் எழுதியிருக்கும் எண்ணை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. நீங்களோ எண்ணை வைத்தே இது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து வந்தது, இது நம் திருச்சி பொன்மலை ரயில் பணிமனையில் கட்டியது என்று சொல்லிவிடுகிறீர்கள். அந்த அக்கறையை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா இந்த வண்டியில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது எஞ்சின் பள்ளத்துப் பக்கம் இருந்து பெட்டிகளைத் தள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். பின்னால் இருக்கும் டிரைவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். மற்றப் பெட்டிகளிலும் ஆளுக்கொரு பிரேக்கோடு நிற்பார்கள். எஞ்சின் விசிலைக் காதில் வாங்கி முறுக்க வேண்டும், தளர்த்த வேண்டும்.

சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து கை துடைத்துக் கருத்துப்போன காட்டன் வேஸ்டை எடுத்துத் திண்ணையில் வைப்பார். எத்தனை முறை சோப்பு போட்டாலும் உள்ளங்கை ரேகையில் இருக்கும் கறுப்பு போகாது. அந்தக் கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் அன்றைய பாதையைச் சொல்வார். "பலாமரத்து வளைவுல மட்டும் கையை எடுக்கவே கூடாது" என்பது அவர் அடிக்கடி சொன்ன ஒன்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். அது எந்த இடம் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

அவர் போன பிறகுதான் இந்தப் பாதையைப் பற்றித் தேடிப் படித்தேன். 1854ல் யோசனை எழுந்தது, 1891ல் வேலை தொடங்கியது, 1899ல் குன்னூர் வரை வண்டி வந்தது, 1908ல் ஊட்டியைத் தொட்டது. 46 கிலோமீட்டர் நீளம், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எல்லாம் கிடைத்தது. அந்த 208ல் பலாமரத்து வளைவு எது என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். படம் எடுங்கள். அதோடு, இந்த வண்டியில் உழைத்து ஓய்வு பெற்றவர்களின் பேச்சையும் பதிவு செய்யுங்கள். படம் எடுக்க ஆயிரம் பேர் வருகிறார்கள், கேட்டு எழுதத்தான் ஆள் இல்லை.

மலையடிவாரத்துக் கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் நடப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 12 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்து அங்கே ஆரம்பிக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வைத்த இரட்டைப் பட்டை. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்கு இடைவெளி. அதனால் எந்த நொடியிலும் பிடி விடாது. எஞ்சின் ஊர்ந்து போய் அதில் பல்சக்கரத்தைப் பொருத்துகிறது. அதுவரை ஒரு ஜோடி சிலிண்டரில் வேலை செய்து வெளியேறிய நீராவி, இப்போது இரண்டாவது ஜோடிக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. சத்தமே மாறிவிடும். இந்த அமைப்பை விளக்கப் புத்தகம் உண்டு. பல் சரியாக உட்கார்ந்ததைப் பாதத்தில் வரும் அதிர்விலேயே தெரிந்துகொண்ட டிரைவர் அதை எப்படி உணர்ந்தார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

எண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் வந்தபின், கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போனார்கள். 2021ல் பொன்மலை மறுபடியும் கரி எஞ்சின் ஒன்றைக் கட்டியது. இரும்பை வரைபடம் பார்த்து வார்த்துவிடலாம். ஹில்குரோவ் ஸ்டேஷனுக்கும் ரன்னிமேடு ஸ்டேஷனுக்கும் நடுவே, மழையில், நெருப்பு தணியாமல் எந்த மூலையில் எத்தனை கரண்டி போட வேண்டும் என்பது எந்த வரைபடத்தில் இருக்கிறது?

இந்த வண்டியில் உழைத்தவர்களில் சிலர் இன்னும் குன்னூரிலும் மேட்டுப்பாளையத்திலும் இருக்கிறார்கள். போனை நீட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். முதலில் ஒரு டீ சாப்பிடுங்கள். "ஐயா, எந்தப் பெட்டியில பிரேக் பிடிச்சீங்க?" என்று ஆரம்பித்தால் போதும், பேச்சு தானாக வரும். எத்தனை விசிலுக்கு என்ன அர்த்தம், மண் சரிந்த நாளில் பயணிகளை எப்படி இறக்கினார்கள், வளைவுகளுக்கு என்ன பெயர் வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

இன்னொன்று. நல்ல கோணம் வேண்டுமென்று தண்டவாளத்தில் இறங்கி நடக்காதீர்கள். காட்டேரி ஸ்டேஷன் பக்கம் வளைவு திரும்பும்வரை வண்டி வருவது தெரியாது, யானையும் வரும். கொடி பிடித்து நிற்பவர் உங்களைப் பார்த்துச் சிவப்பைக் காட்ட வேண்டிய நிலையை அவருக்குத் தராதீர்கள்.

பலாமரத்து வளைவு கல்லாறு பக்கம் இருக்கலாம் என்று நினைக்கிறேன், அங்கேதான் பலா நிறைய. மரமே இப்போது இல்லாமலும் போயிருக்கலாம். யாராவது ஒரு பெரியவர் உங்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால், எந்தக் கிலோமீட்டர் கல் பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை வண்டியில் போகும்போது அந்த இடத்தை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
குன்னூர் பிரேக்ஸ்மேன் ஒருவரின் மகள்