பொருள்: மடிக்கணினியில் அடிக்கடி மறைந்துபோகும் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வட்டு) – மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோருதல்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சுங்கை சிப்புட், பேராக்.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் சேவை எண்ணை அழைத்து, காத்திருந்து, புகார் எண் வாங்கி, அடுத்த முறை வேறொருவரிடம் முதலிலிருந்து கதையைச் சொல்லி அலுத்துப்போன பிறகே இதை எழுதுகிறேன். அந்தப் புகார் எண்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. எந்த மாடல், உள்ளே எந்த எஸ்எஸ்டி என்பதும் உங்களுக்குத் தெரியும்.

கணினியைத் திறந்து வைத்துவிட்டுச் சற்று நேரம் தொடாமல் இருந்தால் உறைந்து நின்றுவிடுகிறது. மறுபடி இயக்கினால், துவக்குவதற்கு வட்டு எதுவும் இல்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வருகிறது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து முழுவதுமாக அணைத்த பிறகுதான் எஸ்எஸ்டி மீண்டும் தென்படுகிறது.

செம்பனைத் தோட்டங்களில் ஆள் விடும் குத்தகையாளர்களுக்கு நான் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். ஊழியர் சேமநிதியையும் சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் மாதந்தோறும் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அந்தத் தேதியன்றுதான், தொழிலாளர் பட்டியல் பாதியில் இருக்கும்போது, உங்கள் கணினி உறைந்தது. பணம் தாமதமாகப் போனது. நெடுநாள் என்னிடம் கணக்குக் கொடுத்த ஒருவர் கோப்புகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார். என் பிழைப்பையே நாசமாக்கிவிட்டீர்கள்.

இனி உங்கள் ஈப்போ சேவை மையம். வேலையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய், மதியம்வரை எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். முகப்பிலிருந்த இளைஞர் கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “அக்கா, தோட்டத்து மின்சாரம் ஏறி இறங்கும். அதில் எதைச் செருகினாலும் கெட்டுத்தான் போகும்” என்றார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நம் தமிழ்ப் பிள்ளைதான். அதனால்தான் இன்றுவரை ஆறவில்லை. சார்ஜர் செருகாமல் பேட்டரியில் ஓடும்போதுதான் அதிகமாக நின்றுபோகிறது என்று சொன்னேன். அதற்குள் அவர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். எங்கள் ஊர் மின்சாரத்தைப் பழிக்கச் சொல்லி அவருக்குப் பயிற்சி கொடுத்தது யார்?

அதற்கு முன்பே மதர்போர்டை மாற்றினீர்கள். எஸ்எஸ்டியை மட்டும் அப்படியே திருப்பிப் போட்டீர்கள். கோளாறு எப்படிப் போகும்? பிறகு விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடச் சொன்னீர்கள், போட்டோம். கடைசியில் தொலைபேசியில் ஒரு பெண், “இது இயங்குதளத்தின் பிரச்சினை, எங்கள் பொருளில் குறை இல்லை” என்று முடித்துவிட்டார்.

குறை எங்கே என்பதை என் அண்ணன் மகன் ஒரே மாலையில் கண்டுபிடித்தான். அவன் பாலிடெக்னிக்கில் கணினி படிக்கிறான். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 129 என்ற எண்ணோடு, சேமிப்புச் சாதனத்தை மீளமைத்ததாகக் குறிப்புகள் வரிசையாக இருந்தன. பிறகு யுஎஸ்பியிலிருந்து லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தை ஏற்றிவிட்டுக் காத்திருந்தான். அதிலும் எஸ்எஸ்டி மறைந்தது. ஆனால் லினக்ஸ் யுஎஸ்பியில் ஓடிக்கொண்டிருந்ததால் நடந்தது திரையில் பதிவாகியது. உன் நிலை என்ன என்று டிரைவர், அதாவது எஸ்எஸ்டியோடு பேசும் மென்பொருள், கேட்டதற்கு வந்த விடை, வரிசையாக எட்டு ‘எஃப்’. மறுமுனையில் பதில் சொல்ல எதுவுமே இல்லாதபோதுதான் அப்படி வரும் என்று விளக்கினான். வேலை இல்லாதபோது மின்சாரம் மிச்சம் பிடிக்க எஸ்எஸ்டி தானாகவே ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகிறது. உங்களுடையது போனால் எழுவதில்லை. அது ஆழ்ந்து உறங்காதபடி, உறங்கி எழ அனுமதிக்கும் தாமதத்தைப் பூஜ்யமாக்கி லினக்ஸில் ஒரே ஒரு வரி சேர்த்தான். இரவு முழுவதும் விட்டுவைத்தும் கணினி நிற்கவில்லை.

இது புதிய செய்தியும் அல்ல. 2017இல் வெளிவந்த லினக்ஸ் 4.11 பதிப்பு இந்த உறக்கத்தைப் பயன்படுத்தத் தொடங்கியபோது சில எஸ்எஸ்டிகள் இதே போல் மறைந்தன. டிரைவர் எழுதுபவர்கள் அவற்றின் அடையாள எண்களைப் பட்டியல் போட்டு, ஆழ்ந்த உறக்கத்துக்கு விடாதே என்று டிரைவருக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். உங்கள் பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் என்றால் நான் நம்பமாட்டேன். பிரேக் சரியாகப் பிடிக்காத லாரியை ஓட்டுநர் சாமர்த்தியமாகக் கொண்டுவந்து சேர்க்கிறார் என்பதால் அது நல்ல லாரி ஆகிவிடாது. டிரைவர் மென்பொருள் உங்கள் குறையை மூடி மறைத்து ஓட்டினால் அது அவர்கள் செய்யும் உபகாரம். அதை மூட மறந்தால் மட்டும் இயங்குதளத்தின் குற்றமா?

என் சம்பள மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். அங்கே மின்சேமிப்பு அமைப்புகளை அணைத்துவைத்தோம், கோளாறு ஓரளவு குறைந்தது. உங்கள் அப்டேட் வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டது. உறக்கத்தைத் தடுத்தால் பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது. அந்த நட்டத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்?

உங்கள் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. தயவுசெய்து வேறு வகை எஸ்எஸ்டியை உங்கள் செலவில் பொருத்திக் கொடுங்கள், அல்லது அந்த உறக்கக் கோளாற்றைத் திருத்தும் ஃபர்ம்வேரை, அதாவது எஸ்எஸ்டிக்குள்ளேயே ஓடும் மென்பொருளைக் கொடுங்கள். இரண்டும் முடியாது என்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். 1994இல் பென்டியம் சில்லு வகுத்தல் கணக்கைத் தவறாகப் போட்டபோது, அதைத் தயாரித்து, முதலில் மறுத்த இன்டெல் நிறுவனமே கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தது.

பதினான்கு நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். கட்டணம் 5 ரிங்கிட்தான்; 50,000 ரிங்கிட் வரை கோரலாம். விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவு சொல்கிறது. ரசீது, பதிவேட்டின் படங்கள், பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கணினியை எடுக்க ஆள் அனுப்புவதானால் வீட்டுக்கே அனுப்புங்கள். ஈப்போவுக்கு இனி நான் வரமாட்டேன். அந்த முகப்பு இளைஞரிடமிருந்து எனக்கு எழுத்தில் மன்னிப்பு வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட்.