நெஞ்சில் கை வைத்தால்தான் நாட்டுப்பற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாட்டுப்பற்றை அமெரிக்கர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று போன வாரம் நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டுக்கு வீடு கொடி, மைதானம் முழுக்க எழுந்து நிற்கும் கூட்டம், நெஞ்சில் கை, கண்ணில் நீர் என்று எழுதியவர் உருகியிருக்கிறார். அவர் பார்த்ததை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்டில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார், அதுவும் நமக்குத் தேவைப்படாத பாதியை.

முதலில் அந்த மைதானக் காட்சி. ராணுவ வீரர்களை நடுவில் நிறுத்திக் கௌரவிப்பது, பெரிய கொடியை விரித்துப் பிடிப்பது இதற்கெல்லாம் விளையாட்டு அணிகளுக்குப் பாதுகாப்புத் துறை வரிப்பணத்திலிருந்து காசு கொடுத்திருந்தது என்பதை 2015-இல் ஜான் மெக்கைன், ஜெஃப் ஃபிளேக் என்ற இரண்டு செனட்டர்கள் அறிக்கையாகவே வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் சுமார் 68 லட்சம் டாலருக்கு. மெக்கைன் வியட்நாமில் ஐந்து வருடத்துக்கு மேல் போர்க்கைதியாகக் கிடந்தவர். அவரே இதைத் தட்டிக் கேட்டார். மைதானத்தில் அழுதவர்களின் அழுகை நிஜம்தான், அந்த அழுகையைக் காசு கொடுத்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பதுதான் மனதை உறுத்துகிறது.

அப்புறம் பள்ளிக்கூடம். என் அண்ணன் மகள் டெக்சாஸில் இருக்கிறாள், அவள் பையன் மூன்றாம் வகுப்பு. ஒருநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது சட்டென்று எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து, மூச்சுவிடாமல் உறுதிமொழியை ஒப்பித்தான். அமெரிக்கக் கொடிக்கு ஒன்று, முடிந்த கையோடு டெக்சாஸ் கொடிக்கு இன்னொன்று. அங்கே பள்ளியில் தினமும் இரண்டும் உண்டு, மாநிலச் சட்டம் அப்படி; வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளை அழகாகத்தான் சொன்னான். ஆனால் வேலை பார்த்த காலம் முழுக்கக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவள் நான், எந்தப் பிள்ளை மனதாரச் சொல்கிறது, எது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வாயசைக்கிறது என்று மேடையில் நின்று ஒருநாளும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அந்த உறுதிமொழியும் ஏதோ ஆதியிலிருந்து வந்தது இல்லை. 1892-இல் பிரான்சிஸ் பெல்லாமி எழுதி ஒரு சிறுவர் பத்திரிகையில் வந்தது, அதே பத்திரிகை பள்ளிகளுக்குக் கொடி விற்றுக்கொண்டும் இருந்தது. முதலில் கையைக் கொடியை நோக்கி நீட்டித்தான் வணங்கினார்கள். பார்க்க நாஜி வணக்கம் போலவே இருக்கிறதே என்று 1942-இல் கையை நெஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள். கடவுள் பெயர் அதில் நுழைந்தது 1954-இல்.

கட்டுரையில் வராத பாதிக்கு வருகிறேன். யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் பென்சில்வேனியாவில் கொடிக்கு வணக்கம் செலுத்த மாட்டோம் என்றதற்காகப் பள்ளியை விட்டு நீக்கப்பட்டார்கள். 1940-இல் உச்ச நீதிமன்றம் பள்ளி செய்தது சரி என்றது. அதற்குப் பிறகு பல ஊர்களில் அந்தப் பிரிவினரை அடித்தார்கள், அவர்கள் கூடும் இடங்களைக் கொளுத்தினார்கள், எல்லாம் நாட்டுப்பற்றின் பெயரால். மூன்றே வருடத்தில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. 1943, இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம், சொந்தப் பிள்ளைகள் போர்முனையில் செத்துக்கொண்டிருக்கும்போது, கொடியை வணங்கச் சொல்லி ஒரு குழந்தையைக் கூடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார். அந்த நாட்டில் நான் மதிக்கிற தைரியம் இதுதான்.

தீர்ப்பு வந்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நம் பஞ்சாபி பகத் சிங் திந்துக்கு, நீ வெள்ளையன் இல்லை என்று 1923-இல் குடியுரிமையை மறுத்த நாடு அது. கறுப்பின மக்கள் மீதான போலீஸ் வன்முறையைக் கண்டித்து 2016-இல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்குக்கு அந்த சீசனுக்குப் பிறகு எந்த அணியிலும் இடம் கிடைக்கவில்லை.

நம் நாட்டிலும் இது நடந்ததுதான். கேரளத்தில் இதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாட மட்டும் இல்லை. பள்ளி வெளியே அனுப்பிவிட்டது. 1986-இல் நம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார்.

நான் தங்கச்சிமடம் என்ற மீனவ ஊரில் இருந்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன படகு மறுநாள் கரை திரும்பவில்லை என்றால் இங்கே எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. 1974-இல் கச்சத்தீவைக் கொடுத்தபோது இந்தக் கரை ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கு இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்ட மீனவர்களை மீட்கச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தால், ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று ஆற்றாமையில் சொன்னால், உடனே இவர்களுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று பேச ஆள் வந்துவிடுகிறது. அப்படி ஒரு மறியலில், பிளாஸ்டிக் உறையில் போட்ட ரேஷன் கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்த பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். அவள் மகன் என் மாணவன், சுதந்திர தினத்துக்கு முதல் நாள் சாயங்காலமே வந்து கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போவான். அவன்தான் அன்றைக்கு யாழ்ப்பாணம் சிறையில் இருந்தான். அந்தத் தாயிடம் எந்த ஊர்க்காரரைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்ளச் சொல்வது?

ஆகஸ்ட் 15 வருகிறது. அமெரிக்காவைப் பற்றிய இன்னொரு கட்டுரைக்குப் பதிலாக அந்த 1986 தீர்ப்பின் முக்கியப் பகுதிகளை நல்ல தமிழில் அரைப் பக்கமாவது போடுங்கள். வெட்டி எடுத்துப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லி இங்குள்ள ஆசிரியர்களிடம் கொடுப்பது என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.