விம்கோ நகர் – மணலி – மாதவரம்: லைட் ரயிலுக்கு ஒரு ஆய்வாவது நடத்துங்கள்

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், சென்னை.

அனுப்புநர்:
மணலி, மாத்தூர், சாத்தாங்காடு, மணலி புதுநகர் சுற்றுவட்டார மக்கள், சென்னை.

பொருள்: விம்கோ நகர் மெட்ரோவையும் மாதவரம் பால்பண்ணை மெட்ரோவையும் மணலி வழியாக லைட் ரயிலில் இணைக்க முடியுமா என்று ஆய்வு செய்யக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

வடசென்னையின் வரைபடத்தை ஒருமுறை மேசையில் விரித்துப் பாருங்கள். கிழக்கே வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. மேற்கே மாதவரம் பால்பண்ணையில் இரண்டாம் கட்டத்தின் இரண்டு தடங்கள் தொடங்குகின்றன, ஒன்று சிறுசேரி சிப்காட் வரை, இன்னொன்று சோழிங்கநல்லூர் வரை. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருப்பவர்கள் நாங்கள். தூரம் பத்து கிலோமீட்டர் வாக்கில்தான் இருக்கும். ஆனால் இந்தப் பத்து கிலோமீட்டரில் பயணிகள் ரயில் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் என்று கடலோரமாகவே போய்விடுகிறது, மணலி பக்கம் திரும்புவதில்லை.

நாளைக்கே தண்டவாளம் போடுங்கள் என்று இந்த மனுவில் கேட்கவில்லை. இந்தத் தடத்துக்கு லைட் ரயில், அதாவது பெரும்பாலும் தரை மட்டத்திலேயே டிராம் மாதிரி ஓடுகிற சிறிய ரயில், சரிப்பட்டு வருமா வராதா என்று முறையாக ஆய்வு செய்து முடிவை வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறோம். வராது என்றால் ஏன் வராது என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். அது தெரிந்தால் வேறு எதைக் கேட்பது என்று நாங்கள் யோசிக்கலாம்.

இப்போது எப்படிப் போய்வருகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் எங்கள் பகுதிக்கு வரும் அதிகாரிகள் பெரும்பாலும் ஜீப்பில் வந்து ஜீப்பில் போய்விடுகிறார்கள். மணலி மார்க்கெட்டில் ஷேர் ஆட்டோ நிரம்பாமல் கிளம்பாது. பின்னால் எதிரும் புதிருமாக முட்டி இடிக்க உட்கார்ந்த பிறகும் டிரைவர் பக்கத்தில் ஒருவர் ஒட்டிக்கொள்வார், அவருடைய ஒரு கால் வெளியேதான் இருக்கும், அந்தக் காலுக்குப் பக்கத்தில் டிரெய்லர் லாரியின் சக்கரம் உருண்டுகொண்டிருக்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகிற வயதானவர்களும், தியாகராயா கல்லூரிக்கும் வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரிக்கும் போகிற பிள்ளைகளும், கம்பெனியில் காலை ஷிஃப்ட் ஏறுகிறவர்களும் இதில்தான் போகிறார்கள். மாநகரப் பேருந்து இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லாரி வரிசையில் மாட்டிய பஸ் எப்போது வரும் என்று டெப்போவில் இருப்பவர்களுக்கே தெரியாது. சாயங்காலம் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வண்டி சேர்ந்து வரும், அப்புறம் வெகுநேரம் ஒன்றுமே வராது.

இதனால் என்ன நடக்கிறதென்றால், கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் எல்லாரும் பைக் வாங்குகிறார்கள், இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் ஈஎம்ஐயில் கார். மணலியில் கார் வாங்குகிறவர்கள் பலரும் சொகுசுக்காக வாங்குவதில்லை. மழைக்காலத்தில் டேங்கர் லாரிக்கும் கன்டெய்னர் லாரிக்கும் நடுவில் பைக்கின் முன்னால் பிள்ளையை உட்கார வைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போக பயமாக இருக்கிறது, அதனால் வாங்குகிறார்கள். பயந்து வாங்கிய கார்கள்தான் இன்று மாதவரம் ரவுண்டானாவிலும் மூலக்கடையிலும் நகராமல் நிற்கின்றன. சாலையை அகலமாக்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், மாதவரத்திலிருந்து மாத்தூர் வழியாக மணலி பக்கம் வரும் 200 அடி சாலையை ஒரு வேலைநாளில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். அவ்வளவு அகலமான சாலையில் ஓரம் முழுக்க லாரிகள் நிற்கின்றன, சில இடங்களில் இரண்டு வரிசையாக. மிச்சம் இருக்கிற இடத்தில்தான் பஸ், ஆட்டோ, பைக், நடந்துபோகிறவர் எல்லாரும். நடைபாதை இருக்கிற இடத்திலும் அதன்மேல் டயர் கடை.

லைட் ரயிலுக்கு ஒரே மட்டத்தில் இரண்டு தண்டவாளம் போட ஏறக்குறைய 25 அடி அகலம் போதும். 200 அடி சாலையில் அந்த 25 அடி இல்லாமல் இல்லை, இன்று அது லாரி நிறுத்த இலவச இடமாக இருக்கிறது. எங்கள் கோரிக்கையின் சாரமே இதுதான். துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் போகிற சரக்குக்காக மணலியின் சாலைகள் திரும்பத் திரும்ப அகலமாக்கப்பட்டிருக்கின்றன, நாங்கள் குறை சொல்லவில்லை, அந்த ஆலைகளில்தான் எங்கள் ஆட்களும் வேலை பார்க்கிறார்கள். ஆனால் அந்த அகலத்தில் ஒரு பங்கை, லாரி ஏற முடியாதபடி பிரித்து, மனிதர்களுக்கென்று ஒதுக்குங்கள்.

ஏன் மெட்ரோவே கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் எப்போது கிடைக்கும் என்று தெரியும். இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டருக்கு 63,246 கோடி ரூபாய் என்று மத்திய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் தந்தது, சராசரி பார்த்தால் கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். மணலி அளவுள்ள ஊருக்கு அந்தச் செலவு நியாயமா என்று நிதித்துறை கேட்கும், அந்தக் கேள்வியில் தப்பும் இல்லை. அதற்காகத்தான் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019-ல் மெட்ரோ லைட் என்ற பெயரில் தனியாக விதிமுறையே வெளியிட்டது. ஒரு திசையில் மணிக்கு 15,000 பேர் வரை பயணம் செய்கிற தடங்களுக்கு அது. மூன்று பெட்டி ரயிலில் 300 பேர் வரை ஏறலாம், பெரும்பாலும் தரை மட்டத்திலேயே ஓடும், செலவு வழக்கமான மெட்ரோவில் பாதிக்கும் குறைவு. மணலித் தடத்தில் நெரிசல் நேரத்தில் எத்தனை பேர் போய்வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், அந்த எண்ணிக்கை வந்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். 2017 மெட்ரோ கொள்கையும் அதைத்தான் சொல்கிறது, எதைக் கட்டுவதாக இருந்தாலும் முதலில் மாற்று வழிகளை ஒப்பிட்டுப் பார் என்று.

தெற்கே தாம்பரம் – வேளச்சேரி தடத்துக்கு லைட் ரயில் ஆய்வு எப்போதோ நடந்தது. அது கட்டப்படவில்லை என்பது வேறு விஷயம், ஆய்வாவது நடந்ததல்லவா? 2011-ல் மணலி, மாதவரம், திருவொற்றியூர் நகராட்சிகளைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். மாநகராட்சிக்குரிய வரி ஒழுங்காக வந்துவிட்டது. ஆய்வு என்று வரும்போது மட்டும் சென்னை பேசின் பிரிட்ஜோடு முடிந்துவிடுகிறது போலிருக்கிறது. (தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது என்று மேடையில் பெருமை பேச மட்டும் எங்கள் பக்கம் வருவார்கள்.) தெருவில் ஓடுகிற ரயிலும் இந்த ஊருக்குப் புதுசு இல்லை. 1895 முதல் 1953 வரை சென்னையில் டிராம் ஓடியிருக்கிறது.

இனி, உங்கள் பொறியாளர்கள் சொல்லப்போகிற தடைகளை நாங்களே சொல்லிவிடுகிறோம். திருவொற்றியூருக்கும் மணலிக்கும் நடுவில் கும்மிடிப்பூண்டி ரயில் பாதை, அடுத்து பக்கிங்ஹாம் கால்வாய். இரண்டையும் தரைமட்டத்தில் கடக்க முடியாது, அந்த இடத்தில் மேலே ஏறித்தான் இறங்க வேண்டும், செலவு கூடும். இரண்டாவது, லாரிகள். ஆலைகளுக்கு வருகிற ராட்சத லோடு வண்டிகள் சாதாரண கன்டெய்னரைவிட உயரம், தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி ஓடினால் சந்திப்புகளில் அவை எப்படிக் கடக்கும் என்பதை இப்போதே யோசிக்க வேண்டும். பிறகு யோசித்தால் இரவில் கம்பியை அறுத்துவிட்டுப் போவார்கள், காலையில் ரயில் ஓடாது. கம்பியில்லாமல் பேட்டரியில் சிறிது தூரம் ஓடுகிற டிராம்கள் வெளிநாடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அந்த வாய்ப்பையும் ஆய்வில் சேருங்கள்.

மூன்றாவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. தண்ணீர். 2015 டிசம்பரில் பூண்டி ஏரியில் திறந்த உபரிநீர் கொசஸ்தலையாற்றில் வந்து மணலி புதுநகரை மூழ்கடித்தது, அதற்குப் பிறகும் பெருமழை ஆண்டுகளில் தண்ணீர் வந்தது. புழல் உபரிநீர்க் கால்வாய் நிரம்பினால் சடையங்குப்பம் பக்கம் தீவாகிவிடும். இந்த நிலத்தில் தண்டவாளத்துக்காக ஒரு மண் மேட்டை எழுப்பினால் அது குறுக்கே கட்டிய அணை மாதிரி ஆகி, மேட்டுக்கு ஒரு பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறும். ரயில் வேண்டும் என்று கேட்கிற நாங்களே அதை எதிர்த்து உட்காருவோம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அதனால் நீர்வளத் துறையை ஆய்வின் முதல் நாளிலிருந்தே உட்கார வையுங்கள். கொசஸ்தலையாறு வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் மழைநீர் வடிகால் போட எங்கள் தெருக்களைத் தோண்டினார்கள், அந்தத் தூசியைக் குடித்தது நாங்கள். ரயிலுக்காக அதையே இன்னொரு தடவை உடைக்கிற வேலை வேண்டாம்.

லைட் ரயில் போட்ட எல்லா ஊரும் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லமாட்டோம். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் 2015-ல் ஆர்ப்பாட்டமாகத் தொடங்கினார்கள், சில ஆண்டுகளில் உதிரிபாகமும் பராமரிப்பும் இல்லாமல் ரயில்களில் பெரும்பகுதி ஷெட்டில் நின்றுவிட்டது. இன்னொரு பக்கம் அமெரிக்காவின் போர்ட்லேண்ட், கார் இல்லாமல் வாழமுடியாத நாட்டில் இருக்கிற ஊர். அங்கே 1970-களில் குடியிருப்புகளை இடித்துக்கொண்டு போகவிருந்த ஒரு நெடுஞ்சாலையை மக்கள் எதிர்ப்பால் கைவிட்டு, அதற்கு வைத்த பணத்தில் ஒரு பகுதியை லைட் ரயிலுக்குத் திருப்பினார்கள், 1986-ல் ஓட ஆரம்பித்தது. அடுத்த மேம்பாலத்துக்கு டெண்டர் விடும்முன் அந்தப் பணத்தில் வேறு என்ன செய்யலாம் என்று இங்கேயும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாமே.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. 2021 மே முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் போகிற பெண்கள் அந்தப் பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறார்கள். மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணமே 10 ரூபாய். ரயில் வந்ததும் பயணிகள் அதில் போகட்டும் என்று பஸ்ஸைக் குறைத்தால் முதலில் அடிபடுவது இவர்கள்தான். லைட் ரயிலிலும் மகளிர் சலுகை உண்டா, ஒரே டிக்கெட்டில் பஸ்ஸும் ரயிலும் ஏறலாமா என்பதை ஆய்வு அறிக்கையிலேயே சொல்ல வேண்டும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களை விரட்டாமல், ஒவ்வொரு நிறுத்தத்திலிருந்தும் உள்தெருக்களுக்கு ஓட அனுமதியும் நிற்க இடமும் கொடுத்தாலே போதும், மெயின் ரோட்டில் டிரெய்லரோடு போட்டி போடுகிற வேலை அவர்களுக்கும் மிச்சம்.

ரயில் வர எத்தனை வருஷம் ஆகும் என்று எங்களுக்கும் தெரியும் ஐயா. அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்குப் பெரிய பணம் வேண்டாம். 200 அடி சாலையில் எந்த அகலத்தில் தண்டவாளம் வரலாம் என்று நினைக்கிறீர்களோ, அந்த அகலத்தை இப்போதே தடுப்பு வைத்துப் பிரித்து, மாதவரம் பால்பண்ணையிலிருந்து மணலி வழியாக விம்கோ நகர் மெட்ரோ வரை அதில் பஸ் விடுங்கள். 200 அடி சாலை முடிகிற இடத்துக்கு அப்பால் வழக்கமான சாலையிலேயே போகட்டும், பரவாயில்லை. நெரிசல் நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி வந்தால் போதும். இதில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். ஒன்று, உண்மையில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது. இன்னொன்று, லாரியை அந்த அகலத்துக்கு வெளியே வைக்க அரசால் முடிகிறதா என்பது. போக்குவரத்துப் போலீசும் மாநகராட்சியும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்து ஒரு பஸ் தடத்தையே லாரியிடமிருந்து காப்பாற்ற முடியவில்லை என்றால், தண்டவாளம் போட்டாலும் அதன்மேல் லாரிதான் நிற்கும். லாரிக்காரர்களையும் சும்மா விரட்ட முடியாது, அவர்கள் வண்டி நிறுத்தவும் தூங்கவும் குளிக்கவும் ஒரு இடம் வேண்டும். முறையான லாரி முனையம் கூடவே திட்டத்தில் வர வேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது: இந்தத் தடத்தை உங்கள் விரிவான போக்குவரத்துத் திட்டத்தில் சேர்த்து, லைட் ரயில், பஸ் தடம் இரண்டையும் ஒப்பிட்டு ஆய்வு நடத்துங்கள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ) மூன்றாவது முழுமைத் திட்டத்தில் அந்த 25 அடியை வேறு எதற்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். ஆய்வு தொடங்கும்போது மணலி மண்டல அலுவலகத்தில் ஒரு கூட்டம் போடுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் வரமுடிகிற மாதிரி ஞாயிற்றுக்கிழமையில். அறிக்கை வந்தவுடன் தமிழில் வெளியிடுங்கள்.

"தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்ற ஒற்றை வரிப் பதில் எங்களிடம் ஏற்கெனவே கட்டுக்கட்டாக இருக்கிறது. இந்த முறை எந்த அதிகாரியிடம் இந்தக் கோப்பு போகிறது, எந்தத் தேதிக்குள் முடிவு சொல்வார் என்ற இரண்டை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மணலி சுற்றுவட்டார மக்கள்

நகல்: ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி, மேலாண்மை இயக்குநர், சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம், மேலாண்மை இயக்குநர், மாநகரப் போக்குவரத்துக் கழகம்.