சினைப்பையை எடுத்தீர்களா, விட்டீர்களா? மகளிர் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகளிர் மருத்துவர்களுக்கு,

வணக்கம். கருப்பை நீக்க அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது நீங்கள் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியில், சினைப்பையையும் எலும்பையும் பற்றி இன்னும் இரண்டு வரி, தமிழில், எழுதித் தர வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். முதுகுவலி என்று வரும் நடுவயதுப் பெண்களிடம் மாதவிலக்கு நின்றுவிட்டதா என்று கேட்பது வழக்கம். "கர்ப்பப்பை எடுத்து வருஷக்கணக்காச்சுங்க" என்பார்கள். கருமுட்டை உருவாகும் சினைப்பையையும் எடுத்தார்களா என்றால் முழிப்பார்கள். அண்மையில் வந்த ஒரு அக்காவுக்கு 48 வயது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் மளுக்கென்றதாம். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு ஒன்றின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. மஞ்சப்பையிலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த பழைய சம்மரியில் 'டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ.' என்று இருந்தது. கருப்பையோடு இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன என்று அர்த்தம். அப்போது அவருக்கு வயது 37. தையல் பிரிக்கும் தேதி, இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அந்தத் தாளில் இருந்தன. எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

உங்களுக்கு நான் பாடம் நடத்தப் போவதில்லை. ஆனால் திறந்த மடல் என்பதால் அந்த அக்காவைப் போன்றவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

எலும்பில் பழையதை அரிக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. அரிக்கும் செல்களை உருவாக்கச் சொல்லித் தூண்டும் புரதம் ரேங்க்-எல். அதை வழியிலேயே பிடித்து முடக்கும் புரதம் ஆஸ்டியோபுரோட்டெஜெரின். 1997, 98 வாக்கில்தான் இந்த ஜோடி தெரியவந்தது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் முதலாவதை அடக்கி, இரண்டாவதற்குக் கை கொடுக்கிறது. ஈஸ்ட்ரோஜன் போனால் அரிக்கும் செல்கள் பெருகுகின்றன, கூடுதல் நாள் உயிரோடும் இருக்கின்றன. கட்டும் வேலையும் கூடத்தான் செய்கிறது, ஆனால் ஈடுகொடுக்க முடிவதில்லை. முதுகெலும்பின் உள்ளே இருக்கும் துளைகள் நிறைந்த பகுதிதான் முதலில் அடிவாங்குகிறது.

அப்புறம் ஆஸ்டியோபான்டின் என்று ஒன்று. எலும்பிலேயே படிந்திருக்கும் புரதம். அரிக்கும் செல் எலும்பைப் பற்றிக்கொள்ள உதவுவது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் புரதம் இல்லாமல் பிறந்த சுண்டெலிகளின் சினைப்பைகளை எடுத்துப் பார்த்தார்கள். சாதாரணச் சுண்டெலிகளுக்குக் கரைந்த அளவுக்கு இவற்றின் எலும்பு கரையவில்லை. ஹார்மோன் ஒரே மாதிரி போனாலும், எலும்பு எவ்வளவு போகும் என்பதில் எலும்புக்குள் இருக்கும் புரதங்களுக்கும் பங்கு உண்டு என்று அது காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. மனிதர்களுக்கு மருந்தாக வந்தது ரேங்க்-எல் வழிதான்: அதை முடக்கும் டெனோசுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2010இல் அனுமதி கிடைத்தது.

இயல்பாக மாதவிலக்கு நிற்கும்போது ஹார்மோன் வருடக்கணக்கில் மெல்ல இறங்குகிறது. உங்கள் ஆபரேஷன் தியேட்டரில் ஒரே நாளில் விழுந்துவிடுகிறது. புற்றுநோய், பரம்பரையாக வரும் ஆபத்து என்றால் சரி, எடுத்துத்தான் ஆக வேண்டும். "பின்னாடி கட்டி கிட்டி வந்துடும், சேர்த்தே எடுத்துடலாம்" என்று 37 வயதில் எடுப்பதுதான் நெருடுகிறது. தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களைப் பின்பற்றும்படி 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சினைப்பையைப் பற்றியும் அதே அக்கறையோடு பேச வேண்டாமா?

நான் கேட்கும் முதல் வரி: இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டனவா, ஒன்றாவது விடப்பட்டதா. இரண்டாவது: எலும்பு அடர்த்தி ஸ்கேன் எப்போது, ஹார்மோன் மாத்திரை உண்டா, எந்த வயதுவரை. 45 வயதுக்குள் சினைப்பைகளை இழந்தவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாவிட்டால், மாதவிலக்கு இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் தரலாம் என்று உங்கள் துறையின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ஆனாலும் பலர் ஹார்மோன் என்றாலே பயப்படுகிறார்கள். மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு ஆபத்து கூடும் என்று 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு கிளப்பிய பயம் அது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் 50 முதல் 79 வயதுவரையிலான பெண்கள். 37 வயதுக்காரருக்கு அதை அப்படியே பொருத்துவது எப்படி?

அந்த அக்காவைப் போல ஏற்கெனவே எலும்பு முறிந்து வருபவர்களுக்கு டெனோசுமாப் எழுதினால், தாளில் இதையும் சேருங்கள்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைக் காசு இல்லையென்றோ வலி குறைந்துவிட்டதென்றோ தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடங்கியிருந்த அரிப்பு வேகமாகத் திரும்பி, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்று மருந்து தொடர வேண்டும். இதையும் தமிழிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்