விசீய் கோட்டைக்கு ஒரு நடை போய் வா

அன்புள்ள கயல்,

கிரெனோபிளில் வேலைக்குச் சேர்ந்தாயே, பக்கத்திலேயே இருக்கும் விசீய் கோட்டையைப் பார்த்தாயா? இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வா. ஏன் சொல்கிறேன் என்று எழுதுகிறேன்.

பிரெஞ்சுப் புரட்சிக்கு முன், நீ இருக்கும் பகுதிக்குத் தோஃபினே மாகாணம் என்று பெயர். அதற்கென்று ஒரு சபை இருந்தது. குருமார், பிரபுக்கள், சாமானியர் என மூன்று பிரிவினரும் அதில் உட்கார்ந்து, மன்னர் கேட்கும் வரியைப் பற்றிப் பேசுவார்கள். பிரபுக்களுக்கு வரி விலக்கு இருந்தது, சுமை முழுக்கச் சாமானியர் தலையில். அதை எதிர்த்து அவர்கள் போட்ட வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. இப்படிப் பிளந்து கிடந்த சபையை 1628-ல் மன்னரின் முதலமைச்சர் ரிஷலியூவின் அரசு நிறுத்திவைத்தது. அப்புறம் 160 வருடம் அது கூடவே இல்லை.

1788 ஜூன் 7 அன்று, உயர் நீதிமன்ற நீதிபதிகளை ஊரை விட்டு அனுப்ப அரசு முயன்றபோது, கிரெனோபிள் மக்கள் கூரைமேல் ஏறிப் படைவீரர்கள்மீது ஓடுகளை எறிந்தார்கள். அடுத்து, சபை மறுபடி கூட வேண்டும் என்ற கோரிக்கை கிளம்பியது. ஊருக்குள் கூடத் தடை இருந்ததால், ஜூலை 21 அன்று சுமார் 500 பேர் விசீய்க்குப் போனார்கள். கோட்டையின் உரிமையாளர் குளோத் பெரியே ஒரு வியாபாரி. நம் நாட்டு அச்சுத்துணியைப் பார்த்துச் செய்த பருத்தித்துணியை அங்கே தயாரித்துக்கொண்டிருந்தார்!

விடிய விடியப் பேசிக் கேட்டது இவைதான்: சாமானியருக்கு மற்ற இரு பிரிவுக்கும் சேர்த்த அளவு இடம், தலைக்கு ஒரு வாக்கு, நாடு முழுவதற்குமான மூன்று பிரிவினர் சபையான ஸ்டேட்ஸ் ஜெனரல் ஒப்புக்கொள்ளாமல் புது வரி இல்லை. பிரபுக்களும் இதற்குச் சம்மதித்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதைவிடப் பெரிது, தங்கள் மாகாணத்துக்கு மட்டும் சலுகை கேட்காமல் பிரான்ஸ் முழுவதற்கும் பேசியது. அந்த ஆண்டு இறுதியில் ரொமான்ஸ் நகரில் சபை மீண்டும் கூடியது. 1789 ஆகஸ்டில் மாகாணச் சலுகைகளே ஒழிந்தன. 1790-ல் தோஃபினே மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது.

விசீய் கூட்டத்தில் முன்னின்ற மூனியேக்கு அப்போது 29 வயது, பார்னாவுக்கு உன் வயது, 26. இருவரும் கிரெனோபிள்காரர்கள். மூனியே 1790-ல் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். பார்னாவை 1793-ல் கில்லட்டினில் கொன்றார்கள்.

கோட்டையில் இப்போது பிரெஞ்சுப் புரட்சி அருங்காட்சியகம் இருக்கிறது. போனால் படம் எடுத்து அனுப்பு, அம்மாவும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா