தலையிடியை நடிப்பு என்று எழுதாதீர்கள்

திருகோணமலைப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில், காலைக் கூட்டம் முடியுமுன்னே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருப்போம். அது பரீட்சை நாளாக இருந்துவிட்டால், "படிக்கவில்லை, அதுதான் நடிக்கிறாள்" என்ற பேச்சு ஆசிரியர் அறையிலேயே எழுகிறது.

அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஒற்றைத் தலையிடியாக (மைகிரேன்) இருக்கலாம். அதில் வலிப்பது மூளை அல்ல. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் முகத்துக்கும் உணர்வு தருவது டிரைஜெமினல் நரம்பு. அதன் கலங்கள் மண்டையோட்டின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு முடிச்சில் குவிந்திருக்கின்றன. பரம்பரையலகு (ஜீன்) வெளிப்பாட்டை உயர்தர வகுப்பில் படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரே பரம்பரையலகிலிருந்து தைரொயிட் சுரப்பி கல்சிற்றோனின் ஓமோனைச் செய்கிறது. இந்த நரம்புக் கலங்களோ அந்தப் பரம்பரையலகின் நகலான ஆர்.என்.ஏ.யை வேறு விதமாக வெட்டி ஒட்டி, வலியோடு தொடர்புடைய சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதத்தைச் செய்கின்றன. வலி வந்திருக்கும் நேரத்தில் கழுத்து நாள இரத்தத்தில் அது கூடுவதை கோட்ஸ்பி, எட்வின்சன் என்ற ஆய்வாளர்கள் 1990இல் காட்டினார்கள். அது கலத்தில் போய் ஒட்டும் இடமான வாங்கியை அடைக்கும் முதல் ஊசிமருந்து 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எலியில் கண்டதெல்லாம் மனிதருக்குப் பொருந்துவதில்லை. அதனால் இப்போது இறந்தவர்கள் தானமாகத் தந்த நரம்பு முடிச்சுகளை எடுத்து, எந்தக் கலத்தில் எந்தப் பரம்பரையலகு வேலை செய்கிறது என்று கலம் கலமாகப் பார்க்கிறார்கள். 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர்களின் டி.என்.ஏ.யில் இந்நோயோடு தொடர்புடைய 123 இடங்களைக் கண்டது. பெரும்பாலானோருக்கு இதற்குக் காரணமான தனியொரு பரம்பரையலகு இல்லை. உறுதிப்படுத்த ஓர் இரத்தப் பரிசோதனையும் இல்லை. ஸ்கேனிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வைத்தியர் கேட்டறிந்துதான் சொல்கிறார். பிறகு "ரிப்போர்ட் கொண்டு வா" என்று பிள்ளையை அலைக்கழித்து என்ன பயன்?

பருவமடைந்த பிறகு இது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே அதிகம். அவர்களைத்தான் நாம் 'சாட்டுச் சொல்கிறார்கள்' என்கிறோம் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள்.

கேட்பது பெரிதல்ல. வைத்தியர் தந்த குளிசையை வலி தொடங்கியதுமே போட விடுங்கள். இடைவேளை வரை பொறு என்றால், அதற்குள் வாந்தி தொடங்கிவிடலாம். குளிசையும் சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். கூட்டத்தில் நிழலில் நிற்க விடுங்கள். வெளிச்சம் குறைந்த ஓர் அறையில் ஒரு வாங்கு போதும், சரி, அறை இல்லாவிட்டால் நூலகத்தின் மூலையாவது. ஒரு பிள்ளை மாதத்தில் பாதி நாள் பனடோல் போடுவது தெரிந்தால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டுவரலாம். வரவுப் பதிவேட்டில் இந்நாட்களைச் சுகவீனம் என்றே குறியுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியை